கஸ்டர்டு, குழைபால், விளாவுதல்: ஒரு கலைச்சொல் இழை

திருச்சி, உணவுத் தயாரிப்புப் பயிற்சி ஆசிரியை

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே சிறுதொழில் தொடங்க விரும்பும் பெண்களுக்காக நாங்கள் நடத்தும் இனிப்பு வகுப்பிற்குத் தமிழில் ஒரு கையேடு அச்சாகிறது. திங்கட்கிழமை காலை கோப்பு அச்சகத்திற்குப் போயாக வேண்டும். குளிர வைத்துப் பரிமாறும் சாக்லேட் கஸ்டர்டும் அதன்மேல் இடும் கிரீமும் வரும் பாடத்தைத் தவிர மற்றவை முடிந்துவிட்டன.

செய்முறை இதுதான். 4 மஞ்சள்கரு, 100 கிராம் சர்க்கரை, 20 கிராம் சோளமாவு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, கொதி வரும் தறுவாயிலுள்ள அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக அதில் விட்டுக் கலக்க வேண்டும். பிறகு மறுபடியும் அடுப்பிலேற்றி, குமிழி வரும்வரை கைவிடாமல் துழாவி, இறக்கியதும் 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டைத் துருவிப் போட்டு உருக்கிக் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் 4 மணி நேரம் இருந்தால் கரண்டியால் எடுத்துண்ணும் பதத்திற்கு வந்துவிடும்.

இந்தப் பண்டத்தின் பெயர், அது கெட்டிப்படும் செயல், மேலே இடும் கிரீம் ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். இவற்றைவிட அவசரமானது இன்னொன்று. சூடான பாலை மஞ்சள்கருவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அதைச் சூட்டுக்குப் பழக்குகிறோம் அல்லவா? அதற்கு ஆங்கிலத்தில் உள்ள "டெம்பரிங்" என்ற சொல்லையேதான் இந்தியச் சமையல் நூல்கள் தாளிப்பதற்கும் ஆள்கின்றன. வரைவை எழுதித் தந்தவர் அகராதியை நம்பி, "மஞ்சள்கருவைத் தாளிக்கவும்" என்று எழுதிவிட்டார். கடுகு போட வேண்டுமா என்று வகுப்பில் ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

தஞ்சாவூர், பணி நிறைந்த தமிழாசிரியர்

அன்புள்ள அம்மையீர்,

தாளிப்பைப் பற்றிப் பேச்செடுத்தீர்கள். அதற்குச் சங்ககாலச் சொல் "குய்" என்பது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் முளிதயிர் பிசைந்த மெல்விரலை உடுத்த கலிங்கத்திலேயே துடைத்துக்கொண்டு, குவளை போன்ற கண்களில் குய்ப்புகை மண்ட, ஒரு பெண் தீம்புளிப்பாகர் என்னும் புளிக்குழம்பைச் சமைத்துக் கணவனுக்குப் படைக்கிறாள். முளிதயிராவது முற்றி இறுகிய தயிர். ஆகவே நீர்மமான பால் கெட்டிப்பட்டு நிற்கும் நிலைக்குத் தனிச்சொல் வைத்திருந்த மொழி, இந்தச் சாக்லேட் பண்டத்துக்கு அயலாரிடம் பெயர் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை "உறைபால்" என்பதாகும். இது வினைத்தொகை; உறைந்த பால், உறைகின்ற பால், உறையும் பால் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். அடுப்பிலிருந்து இறக்கும்போது எதிர்காலம், பெட்டிக்குள் இருக்கும்போது நிகழ்காலம், தட்டில் வைக்கும்போது இறந்தகாலம் என்று ஒரே சொல் மூன்று நிலைக்கும் நின்றுகொடுக்கிறது. "கஸ்டர்டு" என்பதோ எழுத்திலேயே நிற்காது. ரகர ஒற்றின்பின் மொழிக்கு முதலாகும் எழுத்துகளும் ஙகரமுமே வரும் என்பது தொல்காப்பியம். டகரம் மொழிக்கு முதலாகாது. வடசொல்லை எடுத்தாலும் வடவெழுத்தை ஒருவி, அதாவது நீக்கி, எடுக்கச் சொன்ன தொல்காப்பியர், "ஸ்" என்பதை மட்டும் எப்படி விட்டுவைப்பார்?

யாழ்ப்பாணம், பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

ஐயாவுக்கு வணக்கம்.

வினைத்தொகை அழகாயிருக்கிறது, எங்கள் ஊரில் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள். இங்கே மிளகாயின் காரத்திற்கு உறைப்பு என்றுதான் பெயர். "கறி நல்ல உறைப்பு" என்று நாள்தோறும் சொல்லுகிறவர்களிடம் உறைபால் என்று ஒரு கிண்ணத்தை நீட்டினால், பாலில் தூளைப் போட்டுத் தந்ததாகவே எண்ணுவார்கள். பகரம் இரட்டிக்கவில்லை என்று நீங்கள் இலக்கணம் சொல்லலாம். பசியோடு இருப்பவர் பகரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்னை, அறிவியல் ஆசிரியர்

எனக்குள்ள மறுப்பு வேறு. பள்ளிப் பாடநூலில் உறைநிலை என்றால் தண்ணீருக்குப் பூச்சியம் பாகை செல்சியஸ். உறைவிப்பான் என்றால் பனிக்கட்டி அறை. கையேட்டில் "4 மணி நேரம் உறைய வைக்கவும்" என்று எழுதினால், படித்த பெண்கள் கிண்ணங்களை நேரே மேல்தட்டுப் பனி அறைக்குள் வைப்பார்கள். சோளமாவால் கெட்டியாக்கிய கலவையைப் பனியாக்கி மீண்டும் இளக விட்டால் மாவுப்பசை தான் பிடித்துவைத்திருந்த நீரை விட்டுவிடும். கிண்ணத்தின் அடியில் தண்ணீரும் மேலே நொய் போன்ற கட்டியும் நிற்கும். பிழையான ஒரு சொல்லால் அரை லிட்டர் பாலும் நல்ல சாக்லேட்டும் வீணாவதை நான் விரும்பவில்லை.

சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர்

நண்பர்களே, கடையில் "கஸ்டர்டு பவுடர்" என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். பாட்டி முதல் பேத்தி வரை எல்லோருக்கும் தெரிந்த சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் சமைத்து, அதை விளக்க ஒரு பத்தி எழுதி, அந்தப் பத்தியில் மறுபடியும் கஸ்டர்டு என்றே எழுதுவதில் என்ன பயன்? பிற நிலத்திலிருந்து வரும் திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்த இலக்கணம்தானே நம்முடையது. பனிக்கூழ் (ஐஸ்கிரீம்), காவிக்கண்டு (சாக்லேட்), மாச்சில் (பிஸ்கட்), குளம்பி (காப்பி) என்று உண்டாக்கிய சொற்களில் எத்தனை அடுப்படிக்குள் நுழைந்தன? அடுமனை (பேக்கரி) நுழைந்தது, ஏனென்றால் அதைப் பெயர்ப்பலகையில் எழுதினார்கள். மற்றவை கட்டுரைகளில்தான் வாழ்கின்றன.

திருச்சி, ஆசிரியை

சிங்கப்பூர் நண்பர் சொல்வதை முழுமனத்தோடு ஏற்க நினைத்தேன். வகுப்புதான் தடுக்கிறது. எங்கள் மாணவியருக்குக் கஸ்டர்டு என்றால் அந்தப் பொடியைப் பாலில் கரைத்துக் காய்ச்சி, வாழைப்பழமும் திராட்சையும் மாதுளை முத்தும் போட்ட மஞ்சள் நிறக் கலவை. அதில் முட்டை கிடையாது. பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு என்பவர் 1837இல் முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகச் சோளமாவைக்கொண்டு உண்டாக்கியதல்லவா அந்தப் பொடி! போலியாகப் பிறந்தது நம் ஊரில் மூலத்தின் பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது. நான் கஸ்டர்டு என்று எழுதினால் அவர்கள் பொடியை வாங்கி வருகிறார்கள். பிறகு மஞ்சள்கருவை எங்கே சேர்ப்பது என்று கேட்கிறார்கள். ஆகவே தெரிந்த சொல்லும் தப்பான பொருளைத்தான் தருகிறது.

பக்குவமும் மாறுபடுகிறது. முட்டை மட்டும் கெட்டியாக்கும் கலவையை 82, 83 பாகைக்குமேல் போக விடக்கூடாது, விட்டால் திரிந்துவிடும். மாவு சேர்ந்ததைக் குமிழி வரும்வரை காய்ச்சியே தீர வேண்டும். காய்ச்சாமல் இறக்கினால் மஞ்சள்கருவிலுள்ள நொதி மாவுப்பசையைச் சிதைத்து, இரவில் கெட்டியாக இருந்ததைக் காலையில் நீர்க்கச் செய்துவிடும். ஒன்றில் கொதி கூடாது, மற்றொன்றில் கொதி வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பது எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

காயல்பட்டினம், இல்லத்தரசி

அனைவருக்கும் சலாம். இத்தனை நாள் படிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். முட்டை சேர்ந்து இறுகும் இனிப்பு தமிழருக்குப் புதிது என்பதுபோலப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பம் இருக்கிறது. அதில் சோளமாவு இல்லை. முட்டைதான் இறுக்கிப் பிடிக்கிறது. அடுப்பு மிஞ்சினால் உள்ளே துளைத்துளையாகிப்போகும். நோன்பு திறக்க வைக்கும் கடற்பாசி (அகர் அகர்) இனிப்பு வேறு வகை. அது குளிர்பதனப் பெட்டிக்குப் போகாமல் வெளியிலேயே இறுகும். இரண்டுக்கும் நாங்கள் "இறுகுதல்" என்றே சொல்லுகிறோம். யாரும் பனி அறையில் வைத்ததில்லை.

ஆசிரியை அம்மா அவசரம் என்று கேட்ட சொல்லுக்கு வருகிறேன். குளிக்கும் வெந்நீரில் தண்ணீர் சேர்த்துப் பதமாக்குவதை விளாவுதல் என்கிறோமே, அது போதாதா? சூடும் குளிர்ச்சியும் சேர்ந்து நடுச்சூட்டுக்கு வருவதுதானே இரண்டிலும் நடக்கிறது?

தஞ்சாவூர், தமிழாசிரியர்

அம்மா, தங்கள் சொல்லைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தேன். விளாவுதல் நல்ல தமிழ். நாம் அகராதியில் தேடிக்கொண்டிருந்தது குளியலறையில் இருந்திருக்கிறது.

வட்டலப்பம் என்பது வட்டில் அப்பம் என்பது பேச்சில் திரிந்த மரூஉவாகலாம். வட்டிலாவது கிண்ணம். பிரெஞ்சுக்காரர் சிறு கிண்ணங்களில் வேகவைக்கும் சாக்லேட் பண்டத்தையும் கிண்ணத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள் என்று அறிகிறேன். இடத்தின் பெயர் அதிலுள்ள பொருளுக்கு ஆகிவரும் இடவாகுபெயர்! அப்படியானால் வட்டிற்பால் என்றோ, வட்டிற்குழைவு என்றோ சொல்லலாம். கொள்கலனால் பெயர் பெறும் பண்டங்கள் தமிழில் வேறு எவை என்று தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். குழாய்ப்புட்டு உடனே நினைவுக்கு வருகிறது. உறைபாலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு "குழைபால்" என்று முன்மொழிகிறேன். கெட்டிப்படுவதற்குத் "தோய்தல்" எனலாம். தயிர் தோய்ந்தது என்பது இன்றும் வழக்கு.

சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர்

ஐயா, தோய்த்தல் என்றால் இங்கே துணிதான். குழைபால் என்றால் அளவு மீறி வெந்த சோறு நினைவுக்கு வருகிறது.

சென்னை, அறிவியல் ஆசிரியர்

விளாவுதலுக்கு எல்லோரும் கைதட்டுவதற்குமுன் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் விளாவும்போது பெரும்பாலும் என்ன செய்கிறோம்? அண்டாவிலுள்ள வெந்நீரின்மேல் தண்ணீரை ஊற்றுகிறோம். இங்கே செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: குளிர்ந்த மஞ்சள்கருவின்மேல் சூடான பாலை ஊற்ற வேண்டும். "விளாவவும்" என்று மட்டும் எழுதினால், பழகிய கை மஞ்சள்கருவைக் கொதிக்கும் பாலில் கவிழ்க்கும். மஞ்சள்கரு ஏறத்தாழ 65 பாகையிலிருந்தே கெட்டிப்படத் தொடங்குவது; ஒரு நொடியில் பாலில் முட்டைப் பொரியல் மிதக்கும். சொல்லிலேயே திசை பொதிந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் எடுத்து ஆளுவது, தாளிப்பைப்போலவே இன்னொரு விபத்து.

காயல்பட்டினம், இல்லத்தரசி

திசை சொல்லில் இல்லை, சகோதரரே, வேற்றுமை உருபில் இருக்கிறது. "மஞ்சள்கருவில் சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு விளாவவும்" என்று எழுதினால் எதில் எதை விடுவது என்பதில் யாருக்கும் ஐயம் வராது. வாளியில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மேலே வெந்நீரை விட்டு விளாவுகிறவர்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்

நான் காயல் சகோதரியின் பக்கம். ஆனால் சென்னை ஆசிரியரின் அச்சம் வீணானதன்று. அந்த வாக்கியத்தைச் சுருக்கிவிடாமல் ஒவ்வொரு செய்முறையிலும் முழுமையாகவே எழுத வேண்டும்.

கிரீமைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தயவுசெய்து களிம்பு என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அது புண்ணுக்குப் போடுவது. இயந்திர மொழிபெயர்ப்பு அப்படித்தான் தருகிறது.

தஞ்சாவூர், தமிழாசிரியர்

பாலாடை இருக்க, பிற எதற்கு?

திருச்சி, ஆசிரியை

பாலாடை இருப்பதால்தான் ஐயா தொல்லை. காய்ச்சிய கலவை ஆறும்போது அதன்மேல் ஆடை படியும். அது படியாதிருக்க, மெல்லிய தாளைக் கலவையின் மேற்பரப்பிலேயே ஒட்டினாற்போல் விரிக்கச் சொல்கிறோம். "ஆடை படியாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று மேல்வரியிலும், "பாலாடையை மேலே இடவும்" என்று கீழ்வரியிலும் எழுதினால், படிப்பவர் எதைத்தான் செய்வார்? மேலும், கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் பிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 விழுக்காடு அளவுக்கே இருக்கிறது. அதை எவ்வளவு அடித்தாலும் பொங்கி நிற்காது. குறைந்தது 30 விழுக்காடு வேண்டும். கிரீமும் பாத்திரமும் குளிர்ந்திருக்க வேண்டும். பெயர் இந்த இரண்டையும் பிரித்துக்காட்டியாக வேண்டும். இப்போதைக்கு "அடிக்கும் கிரீம்" என்று எழுதியிருக்கிறேன்.

அந்தக் கிரீமைச் சாக்லேட் கலவையோடு நுரை அடங்காமல் சேர்ப்பதை வகுப்பில் எல்லோரும் "கட் அண்ட் ஃபோல்டு" என்கிறார்கள். "மடித்துக் கலக்கவும்" என்றால் சப்பாத்தி மாவை நினைக்கிறார்கள். "அடியிலிருந்து மேலே புரட்டிக் கலக்கவும்" என்று செயலை அப்படியே எழுதிவிட்டேன்.

குழு நிருவாகி

கோப்பு அச்சகத்துக்குப் போக ஓர் இரவே இருக்கிறது. இதுவரை வந்த மடல்களிலிருந்து பெரும்பான்மை என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன்: பண்டத்தின் பெயர் "முட்டைக் கஸ்டர்டு", பொடியில் செய்வது "பொடிக் கஸ்டர்டு", கெட்டிப்படுவது "இறுகுதல்", மஞ்சள்கருவுக்கு "பால் விட்டு விளாவுதல்". கிரீம் கிரீமாகவே இருக்கட்டும். ஒப்பாதவர்கள் தங்கள் மறுப்பைப் பதிவு செய்யலாம்.

சென்னை, அறிவியல் ஆசிரியர்

விளாவுதலை இன்னும் நான் ஏற்கவில்லை. "சூடு பழக்குதல்" என்று எழுதியிருந்தால் ஒருவரும் தவறாகச் செய்ய வாய்ப்பில்லை. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்

இரண்டு கஸ்டர்டுகளுக்கு இடையில் என் குழைபால் காணாமற்போனதைக் காண்கிறேன். அச்சுக்கு இடையூறு செய்யேன். ஆனால் இத்தனை மடல்களிலும் எல்லோரும் "மஞ்சள்கரு" என்றே எழுதியிருக்கிறீர்கள். வருமொழி ககரமாதலின் ளகரம் டகரமாகத் திரிந்து "மஞ்சட்கரு" என்றல்லவா வர வேண்டும்? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

திருச்சி, ஆசிரியை

ஐயா, திங்கட்கிழமைக்குப் பிறகு தொடங்குங்கள்.