பார்வையற்றவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்க ஆசை, வழி சொல்லுங்களேன்

வணக்கம். எனக்கு 49 வயது. மகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு சாயங்காலம் ஆனால் டிவியும் நானும்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எம்.ஏ. வரலாறு பரீட்சை. அவருக்குப் பார்வை கிடையாது. அவர் சொல்லச் சொல்ல விடையை எழுத வரவேண்டியவர் கையை விரித்துவிட, கல்லூரியில் அனுமதி வாங்கி நான் போய் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத் தேர்வு. மணிக்கு 20 நிமிடம் கூடுதல், ஆக நாலு மணி நேரம். நடுவில் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னார். எனக்குச் சரியானது தெரியும். பேனா ஒரு நொடி நின்றது. அப்புறம் அவர் சொன்னதையே எழுதினேன்.

வெளியே வந்ததும், "அக்கா, அந்த இடத்துல ஏன் நிறுத்துனீங்க?" என்று சிரித்தார். காதிலேயே பிடித்துவிட்டார்!

அன்று ராத்திரி கட்டைவிரல் வலியோடு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். ரொம்ப நாளாயிற்று அப்படித் தூங்கி.

இதைத் தொடர்ந்து செய்ய வேண்டும். மதுரைப் பக்கம் யாரிடம் பெயர் கொடுப்பது? கல்லூரிகளில் நேரே கேட்கலாமா? கேள்வித்தாளில் வரைபடமோ அட்டவணையோ வந்தால் எப்படி வாசித்துக் காட்டுவது? எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள். எழுத வைத்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.