‘ஜங்க் சில்வர்’ என்பதற்கு ‘எடைக்காசு’: ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு அண்டை நாடான கனடாவின் பழைய வெள்ளி அரை டாலர்களைச் சேகரிப்போருக்காக நம் குழு உறுப்பினர் ஒருவர் எழுதிவரும் கையேட்டுக்கு, ‘ஜங்க் சில்வர்’ என்ற வணிகச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். ‘குப்பை வெள்ளி’, ‘செல்லாக்காசு’, ‘உருக்குக்காசு’ என மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. இம்மூன்றும் பொருந்தாமைக்கான காரணங்களைச் சொல்லி, ‘எடைக்காசு’ என்னும் சொல்லை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். புழக்கத்துக்காக அச்சிடப்பட்டு, தேய்ந்துபோனதாலோ ஏராளமாகக் கிடைப்பதாலோ சேகரிப்பாளரிடம் கூடுதல் விலை பெறாமல், தன்னுள் இருக்கும் வெள்ளிக்காக மட்டுமே வாங்கி விற்கப்படும் காசையே வணிகர்கள் அப்படி அழைக்கிறார்கள். கனடாவின் அரை டாலரில் 1919 வரை ஆயிரத்துக்கு 925 பங்கும், 1920 முதல் 1967 வரை 800 பங்கும் வெள்ளி இருந்தது. 1968இல் அது நிக்கலுக்கு மாறியதோடு அளவிலும் சிறுத்துவிட்டது. 800 பங்குக் காசின் எடை 11.66 கிராம், அதில் தூய வெள்ளி 9.33 கிராம். அமெரிக்க அரை டாலரோ 1964 வரை 12.5 கிராம் எடையும் 900 பங்கு வெள்ளியும் கொண்டது. எனவே ஒரு டாலர் முகமதிப்புக்கு, அதாவது காசில் பொறித்த மதிப்பின்படி இரண்டு அரை டாலர்களுக்கு, அமெரிக்கக் காசில் 22.5 கிராமும் கனடாக் காசில் ஏறத்தாழ 18.66 கிராமும் வெள்ளி கிடைக்கும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டு ஒரே விலை சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

‘குப்பை வெள்ளி’ ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. தமிழில் குப்பை என்றால் கூட்டித் தள்ளப்படுவது. காசு கொடுத்து யாரும் அதை வாங்குவதில்லை. இங்கே பேசப்படும் பொருளையோ, வெள்ளியின் அன்றைய விலையைப் பார்த்து, கிராம் கணக்கில் பேரம் பேசி வாங்குகிறார்கள். ‘செல்லாக்காசு’ அழகான பழஞ்சொல்தான். ஆனால் மதிப்பிழந்த ஆளையோ பொருளையோ குறிக்கும் வழக்காக அது என்றோ நிலைபெற்றுவிட்டது. மேலும், இந்த அரை டாலர்கள் கனடாவில் சட்டப்படி இன்றும் ஐம்பது சென்ட் மதிப்புள்ள செல்லும் காசுகளே.

‘உருக்குக்காசு’ என்பதை நான் இன்னும் உறுதியாக மறுக்கிறேன். அமைச்சரின் உரிமம் இல்லாமல் செல்லும் காசை உருக்குவது கனடாவில் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய காரணம் 1921ஆம் ஆண்டின் அரை டாலர். அந்த ஆண்டில் 2,06,398 காசுகள் அச்சிடப்பட்டன. ஆனால் தேவை இல்லாததால் பெரும்பகுதி காசடிக்கும் இடமான ஒட்டாவா அக்கசாலையிலேயே தங்கிவிட்டது. 1929இல் மீண்டும் தேவை எழுந்தபோது, தேங்கிக் கிடந்த பழைய காசுகளை உருக்கிப் புதிய ஆண்டு பொறித்த காசுகளை அடித்தார்கள். உருக்கும் உலைக்குத் தப்பியவை நூற்றுக்கும் குறைவு என்பது நாணயவியலாரின் மதிப்பீடு. கனடாக் காசுகளின் அரசன் என்று இன்று போற்றப்படுவது அதுதான். உருக்குவதால் என்ன இழந்தோம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஒரு காசுத் தொடருக்கு, உருக்குவதையே விதியாகச் சொல்லும் பெயரை நாம் சூட்டலாகாது.

இனி ‘எடைக்காசு’. காசே எடையாக மாறிய வரலாறு நம் மொழிக்குப் புதிதன்று. பிரிட்டனின் சாவரின் தங்கக் காசுதான் நம் நகைக்கடைகளில் சவரன் ஆகி, இன்று எட்டு கிராம் என்னும் எடையாகவே நிற்கிறது; கடையில் நாலு சவரன் சங்கிலி கேட்பவர் நாணயம் எதையும் நினைப்பதில்லை. அதுபோலவே நாட்டு மருந்து செய்வோரும் பலசரக்கு நிறுப்போரும் ‘ரூபாய் எடை’ என்று சொல்லிவந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 180 கிரெயின், 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். கனடாவின் வெள்ளி அரை டாலரும் அதே 11.66 கிராம்தான்! தராசின் ஒரு தட்டில் தேயாத ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ரூபாயையும் மறு தட்டில் தேயாத கனடா அரை டாலரையும் வைத்தால் முள் நடுவில் நிற்கும். வெள்ளியின் தூய்மையில்தான் அந்த ரூபாய் உயர்ந்தது. ஆகவே எடையையும் காசையும் இணைத்துச் சொல்லும் பெயர் இந்தக் காசுக்கு இயல்பாகவே வந்து பொருந்துகிறது.

ஒரு மறுப்பு எழக்கூடும் என்பதை அறிவேன். வணிகர்கள் இக்காசுகளைப் பெரும்பாலும் நிறுப்பதில்லை. பத்து டாலர் முகமதிப்பு என்றால் இருபது காசு என்று எண்ணியே விற்கிறார்கள். ஆயினும் அந்த எண்ணிக்கை எடைக்குப் பதிலாக நிற்கும் வசதியே. மிகவும் தேய்ந்த காசுகள் வரும்போது தராசு வெளியே வந்துவிடுகிறது. ‘நிறைக்காசு’ என்று பெயர் வைத்தால் என்ன என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டார். நிறை என்பது எடையையும் குறையின்மையையும் ஒருங்கே குறிப்பதால், தேய்மானமே இல்லாத முழு எடைக் காசு என்ற எதிர்ப்பொருளுக்கு அது இடந்தரும்.

வரையறையில் ஒன்றை வலியுறுத்த வேண்டும். எடைக்காசு என்பது காசின் வகை அன்று, சந்தையில் அதன் நிலை. 42 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்ட 1967ஆம் ஆண்டின் ஊளையிடும் ஓநாய்க் காசு, தேய்ந்திருந்தால் எடைக்காசே. அதே குவியலில் 1947 பொறித்த ஒன்று இருந்தால், ஆண்டின் அருகே உருப்பெருக்கியை வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியா விடுதலை பெற்றதால், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையைச் சுற்றியிருந்த ‘இந்தியப் பேரரசர்’ என்னும் இலத்தீன் சுருக்கத்தை நீக்கிய புதிய அச்சுகள் தேவைப்பட்டன. அவை லண்டனிலிருந்து வரத் தாமதமானதால், 1948இன் தொடக்கத்தில் பழைய வாசகத்தோடும் 1947 என்னும் ஆண்டோடும் காசடித்து, ஆண்டின் பக்கத்தில் ஒரு சிறு மேப்பிள் இலையை அடையாளமாகப் பொறித்தார்கள். இலை இருக்கிறதா, 7இன் கால் நேராக இறங்குகிறதா வளைகிறதா என்பதைப் பொறுத்து விலை மாறும். இலையும் வளைந்த 7உம் சேர்ந்தது மிக அரிது. புதிய அச்சு வந்தபின் 1948 என்று பொறித்து அடித்தவையும் 37,784 மட்டுமே என்பதால், அந்த ஆண்டுக் காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் எடைக்காசு ஆகாது.

எனவே கையேட்டில் இவ்வாறு இடம்பெறலாம்: “எடைக்காசு: சேகரிப்பு மதிப்பு ஏதுமின்றி, உள்ளடங்கிய வெள்ளியின் விலைக்கே கைமாறும் புழக்கக் காசு.” காசு வணிகத்தில் இருக்கும் உறுப்பினர்கள், “இந்தப் பையில் பதினெட்டு எடைக்காசு, இரண்டு சேகரிப்புக் காசு” என்று சொல்லிப் பார்த்து, நாவில் தடையின்றி வருகிறதா என எழுத வேண்டுகிறேன். வெள்ளி விலைக்கு மேல் வணிகர் வைக்கும் கூடுதல் தொகைக்கும் ஒரு சொல் வேண்டும். நகைக்கடையின் ‘சேதாரம்’ வேறு பொருள் என்பதால் அதை இங்கே இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அன்புடன்,
குழு உறுப்பினன்