கொதிக்க வைத்தால் கறை போகுமா?

தருமபுரி மாவட்டம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:

நீர் பற்றிய பாடத்துக்காகக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த ஒரு காணொளியை அன்று வகுப்பில் போட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நோய் அண்டாது என்று அழகாகச் சொல்லி முடித்தது. பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். எப்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசும் பிள்ளை. "டீச்சர், கொதிக்க வைத்துக் குடித்தால் இந்தப் பல் கறையும் போய்விடுமா?"

நெஞ்சு அடைத்துக்கொண்டது. பாறையைத் துளைத்து எடுக்கும் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு என்னும் தாது உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே அதன் மேல்பூச்சான எனாமலைக் கெடுத்துக் கறையாக்கிவிடும். கொதித்தால் அது போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். காணொளி சொன்னதில் தவறில்லை, ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போதாது.

மறுநாள் சத்துணவுக் கூடத்து அக்காவிடம் ஒரு பாத்திரம் கேட்டு வாங்கினேன். இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி உப்பு. ஆளுக்கொரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். பாதியாகச் சுண்டவிட்டு, ஆறிய பிறகு மறுபடி ஒரு சொட்டு. எல்லா முகமும் சுளித்தது. "உப்பைக் கூடப் போட்டுவிட்டீர்கள் டீச்சர்!" நான் கரண்டியைத் தொடவே இல்லை என்பதற்கு அவர்களே சாட்சி. ஃபுளூரைடும் இப்படித்தான், நாக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

திருவாரூர் மாவட்டம், நான்காம் வகுப்பு ஆசிரியர்:

எனக்கு இது டெங்கு பாடத்தில் நடந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும் என்று படம் காட்டியதைப் பையன்கள் நம்பவில்லை. அவர்களுக்குக் கொசு என்றால் சாக்கடை. பாதியில் நிறுத்திவிட்டு வெளியே அழைத்துப் போனேன். தொட்டிக்குப் பின்னால் கிடந்த கொட்டாங்குச்சியில் புழுக்கள் நெளிந்தன. கண்ணாடி பாட்டிலில் எடுத்து, வாயில் வலைத்துணியை இறுக்கிக் கட்டினோம். ஐந்தாம் நாள் கூட்டுப்புழு. ஏழாம் நாள், காலில் வெள்ளை வரியோடு கொசு. படத்தில் பத்து வினாடியில் பறந்துவிடும் அதற்காக ஒரு வாரம் காத்திருந்தபோதுதான், தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்வது ஏன் என்று பிடிபட்டது. வினாடி வினாவில் பத்துக்குப் பத்து வாங்கியவனும் அதுவரை தன் வீட்டுக் குடத்தை எட்டிப் பார்த்ததில்லை.

டீச்சர், அந்தச் சிறுமிக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

தருமபுரி ஆசிரியை:

உண்மையைத்தான் சொன்னேன். வந்த கறை தண்ணீரை மாற்றினால் போகாது, பல் மருத்துவர் ஓரளவு மங்கச் செய்யலாம். நிலைப்பற்கள் உருவாவது ஏறத்தாழ எட்டு வயது வரை. அதுவரை நல்ல தண்ணீரே குடித்தால் கறை வராது என்றும் சொன்னேன். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது; குழாய் வராத நாளில் அவள் வீட்டில் மோட்டார் தண்ணீர்தான்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். வீட்டில் ஒரு குடத்தின் மேல் சாக்பீஸால் "தம்பிக்கு" என்று எழுதியிருக்கிறாளாம். ஆற்றுத் தண்ணீரை அதில் பிடித்து மூடி வைக்கிறாள். தம்பிக்கு மூன்று வயது.