அப்பாவின் லேப்டாப்பில் ஓயாமல் வைரஸ் எச்சரிக்கை: எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது?

பொங்கோல் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அப்பாவுக்காகக் கேட்கிறேன். அவருக்கு 71 வயது. போன வருடம் விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். காலையில் தமிழ் முரசு, அப்புறம் ஊர்க் கோயில் நேரலை, மத்தியானம் பழைய பாட்டு, பழைய சீரியல். அவ்வளவுதான் அவருடைய உபயோகம். லேப்டாப்போடு ஒரு வருடத்துக்கு ஒரு ஆன்டிவைரஸ் இலவசமாக வந்தது. போன மாதம் அது காலாவதியாகிவிட்டது.

இரண்டு வாரமாகத் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்பி எழும்பி வருகிறது. சிவப்புக் கேடயப் படம், "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே புதுப்பிக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுத்து, கூடவே டிங் என்று சத்தம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நேற்று அப்பா பயந்துபோய் அதை அழுத்தியிருக்கிறார். 129 வெள்ளி கட்டச் சொல்லி ஒரு பக்கம் திறந்திருக்கிறது. வங்கி அட்டையை எடுத்து முதல் 8 எண்ணை அடித்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டு, லேப்டாப் மூடியைப் படக்கென்று மூடிவிட்டார்.

உண்மையிலேயே வைரஸ் இருக்கிறதா? எந்த ஆன்டிவைரஸ் வாங்கினால் இது நிற்கும்? கடையில் விசாரித்தேன், 3 வருடத்துக்கு 180 வெள்ளி என்கிறார்கள். என் கணவர் காசு கொடுத்து எதுவும் வேண்டாம் என்கிறார். சனிக்கிழமை ஈசூன் போகிறேன், அதற்குள் முடிவு எடுக்க வேண்டும்.

தெம்பனிஸ் வாசி:

நான் 7 வருடமாகக் காசு கொடுத்து வாங்கியதைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் 180 வெள்ளி பெரிய தொகை இல்லை. வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஜூரோங் கணினிக்காரர்:

தங்கச்சி, எதையும் வாங்குவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். நான் 18 வருடமாக அலுவலகங்களில் கணினி பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இந்தச் சிவப்புக் கேடயத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று.

முதல் காரியம் லேப்டாப்பைப் பற்றியதே இல்லை. வங்கிக்கு இப்போதே போன் போடச் சொல்லுங்கள், எண் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். எட்டு எண்தானே என்று விடாதீர்கள். இப்படிப்பட்ட பக்கங்கள் சில, 'அனுப்பு' பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்காது. அடிக்க அடிக்கவே எழுத்துகளை எடுத்துக்கொள்ளும். பெயர், கைப்பேசி எண் ஏதாவது முன்னாடியே அடித்தாரா என்று அப்பாவிடம் அமைதியாகக் கேளுங்கள். திட்டினால் பாதியை மறைத்துவிடுவார்.

இரண்டாவது, அந்தப் பெட்டி அடுத்த முறை வரும்போது அழுத்தாமல் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உள்ளே சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஒரு இணைய முகவரியும் இருக்கிறதா என்று சொல்லுங்கள். இருந்தால், அது ஆன்டிவைரஸ் கொடுக்கும் எச்சரிக்கை கிடையாது.

பொங்கோல் மகள்:

அண்ணா, நன்றி. வங்கிக்குப் போன் செய்தோம். அட்டையை முடக்கிவிட்டு வேறு அனுப்புகிறோம் என்றார்கள். அப்பா பெயரும் மின்னஞ்சலும் அடித்திருக்கிறார், கைப்பேசி எண் கொடுக்கவில்லை.

அம்மா படம் எடுத்து அனுப்பினார். நீங்கள் சொன்னது சரி. கேடயத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பிரவுசர் பெயர் இருக்கிறது, பக்கத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒரு முகவரி. அப்பாவைக் கேட்டேன். சீரியல் பார்க்க ஒரு பக்கத்துக்குப் போனாராம். "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலவ்' அழுத்துங்கள்" என்று வந்ததாம், அழுத்தினாராம். இதுதான் காரணமா?

ஜூரோங் கணினிக்காரர்:

அதேதான். அந்த ஒரு அழுத்தில், அந்தத் தளம் எப்போது வேண்டுமானாலும் திரையில் அறிவிப்பு அனுப்பலாம் என்று அப்பா அனுமதி கொடுத்துவிட்டார். செய்தித் தளங்கள் தலைப்புச் செய்தி அனுப்புவதற்காக வந்த வசதி இது. மோசடிக்காரர்கள் இதில் கேடயப் படத்தை வைத்து விளம்பரம் விடுகிறார்கள். பார்க்க விண்டோஸே சொல்வது போல இருக்கும். 180 வெள்ளிக்கு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தாலும், அந்த அனுமதி இருக்கும் வரை பெட்டி வந்துகொண்டேதான் இருக்கும்.

குரோம் என்றால் மேலே வலது ஓரத்தில் மூன்று புள்ளி. அதில் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே போனால் அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்கள். அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்று ஒரு தேர்வு இருக்கிறது. அப்பாவுக்கு அதையே வைத்துவிடுங்கள். தமிழ் முரசு படிக்கவோ பாட்டு கேட்கவோ அது தடையாக இருக்காது. லேப்டாப்பில் எட்ஜ் பிரவுசரும் இருக்கும், அங்கேயும் பாருங்கள்.

அப்புறம் காலாவதியான அந்த ஆன்டிவைரஸ். எனக்கு உண்மையான கவலை அதுதான். விண்டோஸில் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், இரண்டு பேர் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்தால் கணினி நத்தையாகிவிடும் என்பதால். உங்கள் வீட்டில் பழையது காலாவதியாகியும் இடத்தைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம். ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று அடித்து, வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன் திறந்து, யார் காவலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பழையதன் பெயர் இருந்தால் முழுக்க நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடம் பிடித்தால், தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீக்குவதற்கென்றே தனிக் கருவி இருக்கும். வேறு எந்தத் தளத்திலிருந்தும் அதை இறக்காதீர்கள்.

டிஃபெண்டர் எழுந்ததும் முதலில் அப்டேட், அப்புறம் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் கிளம்பும் முன்பே தேடிப் பார்க்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். அது முடிந்ததும் ஃபுல் ஸ்கேன் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

நடுவில் பேசுவதற்கு மன்னியுங்கள், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மாமியார் வீட்டில் நல்ல விலைக்கு வாங்கிய ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் திரை முழுக்க எச்சரிக்கை, அதில் ஒரு தொலைபேசி எண். அத்தை அந்த எண்ணைக் கூப்பிட்டார். பேசியவன் ரொம்பப் பணிவாக, அம்மா அம்மா என்று பேசியிருக்கிறான். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்லியிருக்கிறான். "பணம் பத்திரமா என்று பார்ப்போம்" என்று வங்கிப் பக்கத்தைத் திறக்க வைத்திருக்கிறான். அத்தை கண்ணெதிரேயே அம்புக்குறி தானாக நகர்ந்திருக்கிறது. 2,300 வெள்ளி போய்விட்டது. காவல்துறையில் புகார் கொடுத்தோம், பணம் திரும்பவில்லை.

ஆன்டிவைரஸ் ஏன் தடுக்கவில்லை என்று அன்றைக்கு நான் கத்தினேன். அப்புறம்தான் புரிந்தது. அந்தச் செயலி வைரஸ் கிடையாது. அலுவலகங்களில் தினமும் பயன்படுத்தும் ஒழுங்கான மென்பொருள். அத்தையே இறக்கி, அத்தையே சரி என்று அழுத்தினார்.

உங்கள் அப்பாவுக்கு இரண்டு விஷயம் செய்து கொடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடி உதவி எண்ணைக் கூப்பிடலாம் என்று பெரிய எழுத்தில் எழுதி லேப்டாப் மூடிக்குள் ஒட்டுங்கள். வங்கியில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, 2023 நவம்பரில் டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றும் கொண்டுவந்தன. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாரும் வெளியே அனுப்ப முடியாது. சேமிப்பில் பெரும்பகுதியை அதில் போடுங்கள். நாங்கள் பட்ட பிறகு செய்தோம், நீங்கள் முன்னாடியே செய்யுங்கள்.

தெம்பனிஸ் வாசி:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கணினிக்காரரே, அப்படியென்றால் காசு கொடுத்து வாங்குவது வீண் என்கிறீர்களா? எனக்கு அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

ஜூரோங் கணினிக்காரர்:

வீண் என்று சொல்லமாட்டேன், தம்பி. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

வைரஸைப் பிடிப்பதில் டிஃபெண்டர் ஒரு காலத்தில் பின்தங்கித்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று இரண்டு சோதனைக்கூடங்கள் எல்லா ஆன்டிவைரஸையும் வரிசையாக நிறுத்திச் சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பயன்படுத்தும் வசதிக்கு 6, ஆக 18 மதிப்பெண் வைத்திருக்கிறது. டிஃபெண்டர் பலமுறை 18க்கு 18 வாங்கியிருக்கிறது. கடைக்காரரைக் கேட்பதைவிட அந்தப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள்.

காசுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்றவை. ஐந்தாறு கருவிகளுக்கு ஒரே சந்தா, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், போன் போட்டால் பேச ஆள். இதெல்லாம் வீட்டில் உண்மையிலேயே பயன்பட்டால் வாங்குங்கள். முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். வாங்கிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். என் அக்கா வீட்டில் 39 வெள்ளிக்கு வாங்கியது அடுத்த வருடம் 119 வெள்ளியாக அட்டையில் விழுந்தது.

இலவசமாகக் கிடைக்கும் வெளி ஆன்டிவைரஸ்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நாம் எந்தப் பக்கம் போகிறோம், எதைத் திறக்கிறோம் என்று எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில் ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருக்கிறது. அவாஸ்ட் நிறுவனம், பயனர்கள் இணையத்தில் என்ன பார்த்தார்கள் என்ற தகவலைத் துணை நிறுவனம் வழியாக விற்றது என்பதற்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட உத்தரவிட்டது. அந்தத் துணை நிறுவனம் 2020லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை.

ஆன்டிவைரஸைவிட முக்கியம் விண்டோஸ் அப்டேட். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸ் 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் இரண்டு மாதமாக அதைப் போடாதவர்கள். அப்பா 'பிறகு நினைவூட்டு' அழுத்திக்கொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று, தங்கச்சி. அப்பா அட்மின் கணக்கில், அதாவது எதையும் நிறுவ உரிமை உள்ள கணக்கில் இருப்பார். நீங்கள் ஒரு அட்மின் கணக்கு வைத்துக்கொண்டு அவரைச் சாதாரணக் கணக்குக்கு மாற்றுங்கள். கணினி முழுக்கப் போய் உட்காரும் எதையும் நிறுவ வேண்டுமானால் உங்கள் கடவுச்சொல் கேட்கும். எல்லாவற்றையும் தடுக்காது, ஆனால் அவசரத்தில் அழுத்தும் கையை ஒரு நிமிடம் நிறுத்தும். அவர் கௌரவக் குறைச்சலாக நினைக்கலாம். என் வீட்டிலும் நான் சாதாரணக் கணக்கில்தான் இருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

எங்கள் வீட்டுப் பழைய கணினி விண்டோஸ் 10. அதற்கு டிஃபெண்டர் போதுமா?

ஜூரோங் கணினிக்காரர்:

டிஃபெண்டர் புது வைரஸ்களைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை தள்ளலாம், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். அந்தக் கெடுவுக்குப் பிறகு எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் அதில் வங்கி வேலை வேண்டாம் அக்கா.

பொங்கோல் மகள்:

சனிக்கிழமை போய் எல்லாம் செய்தேன். குரோம் பட்டியலில் மொத்தம் 14 தளங்கள் இருந்தன. அதில் அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் தடுத்ததும் டிங் சத்தம் நின்றுவிட்டது. மாலை வரை உட்கார்ந்திருந்தேன், ஒருமுறைகூட வரவில்லை.

கணினிக்காரர் அண்ணா சந்தேகப்பட்டது போலவே பழைய ஆன்டிவைரஸ்தான் காவலில் இருப்பதாகக் காட்டியது, டிஃபெண்டர் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஒரு மாதமாகக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. பழையதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, ஆஃப்லைன் ஸ்கேன் போட்டதில் ஒன்றும் சிக்கவில்லை. ஃபுல் ஸ்கேனில் ஒன்று மட்டும் சிக்கியது. டவுன்லோட்ஸில் வீடியோ பிளேயர் என்ற பெயரில் ஒரு கோப்பு, தேவையற்ற மென்பொருள் என்று காட்டியது, நீக்கிவிட்டேன். அதை அப்பா திறக்கவே இல்லையாம். அந்த 5 வைரஸ் எங்கேயும் இல்லை.

அப்பாவின் கணக்கையும் மாற்றிவிட்டேன். அண்ணா சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன், தலையாட்டினார். 1799ஐ அம்மா தன் கையெழுத்தில் எழுதி, விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பணத்தைப் பூட்டும் விஷயத்துக்கு அடுத்த வாரம் அப்பாவோடு வங்கிக்குப் போகிறேன், அக்காவுக்கு ரொம்ப நன்றி. புது அட்டை இன்னும் வரவில்லை. ஆன்டிவைரஸ் வாங்கவில்லை.