மொட்டை மாடி கூல் ரூஃப் வேலை சொல்லிக்கொடுக்க ஆள் தேவை (மதுரை)

வணக்கம் மக்களே. மதுரையில் கொத்தனார், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் என்று கொஞ்சம் பேரைச் சேர்த்து, ஏற்கெனவே கட்டிய வீடுகளில் வெக்கையையும் கரண்ட் பில்லையும் குறைக்கிற வேலைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று இருக்கிறோம். இடம் இருக்கிறது, ஆட்களும் ரெடி, சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எலக்ட்ரீஷியன்கள் சமாளித்துவிடுவார்கள். 75 வாட் இழுக்கும் பழைய ஃபேனைக் கழற்றி 30 வாட் சொச்சத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட வேண்டும் என்பது வரை அவர்களுக்கே தெரியும். மொட்டை மாடிதான் தலைவலி. கூல் ரூஃப் என்றால் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சை மாடித் தளத்துக்கு அடிப்பது. வெள்ளை பெயிண்ட் என்றதும் சுவருக்கு அடிக்கிற எமல்ஷனையே அடித்துவிட்டுப் போகிறார்கள், ஒரு மழைக்காலம் தாண்டினால் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. பாசியைச் சுரண்டிக் கழுவி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு விரிசலை அடைத்து, ப்ரைமர் போட்டு, அப்புறம் கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் என்று பொறுமையாகச் செய்பவர்கள் அபூர்வம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கதையே வேறு, அதைச் சுரண்டவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தெலங்கானாவில் 2023-லேயே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்துவிட்டார்கள், அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் யாராவது இருந்தால் ரொம்ப நல்லது. இரண்டு நாள் வந்தால் போதும், போக்குவரத்தும் சம்பளமும் எங்கள் பொறுப்பு. தளத்தின் சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இரவல் கிடைக்குமா? பழகிப் பார்க்க மாடி தருபவர்களும் சொல்லுங்கள், பெயிண்ட் செலவு எங்களுடையது. விற்பனைப் பிரதிநிதிகள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.