மைக் முன்னால் வராத பாட்டு: வட்டாரப் பாட்காஸ்ட் அனுபவங்கள்

வட்டாரப் பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலித் தொடர், நடத்துகிற எங்களைப் போன்றவர்களிடம் மறக்க முடியாத சந்திப்பு எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, ஒரு பாட்டியின் முகம் உடனே வந்து நிற்கிறது.

நாங்கள் நடத்துவது எங்கள் பகுதிக்கென்று ஒரு சின்னப் பாட்காஸ்ட். பழைய கதை, வரலாறு, பாட்டு, யாராவது வாழ்ந்து பார்த்த அனுபவம், எல்லாம் வரும். யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் எடிட்டிங்குக்கு உட்காருகிறவர்கள்தான் எல்லோரும். பாட்காஸ்ட் என்ற பெயர் 2004-இல்தான் அச்சில் வந்தது. பெரிய நிறுவனங்கள் இதற்குள் வந்தது பிற்பாடுதான். ஆரம்பத்தில் வீட்டில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு பேசியவர்களால்தான் இது வளர்ந்தது. அதனால் நாங்கள் செய்வதை யாராவது 'சும்மா பொழுதுபோக்கு' என்றால் எனக்குக் கோபம் வரும்.

அந்தப் பாட்டி இளவயதில் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, மடித்து அனுப்பும் இடம். மடிக்கும் பெண்கள் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள் என்று அவருடைய மகள் சொல்லித்தான் போனேன். நல்ல நாற்காலி போட்டு, ஜன்னலைச் சாத்தி, குளிர்பதனப் பெட்டியை அணைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்தேன். எல்லாம் முறையாக இருந்தது. பாட்டுதான் வரவில்லை. முதல் இரண்டு அடியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். "அவ்வளவுதான் கண்ணு, மறந்துபோச்சு. கூட இருந்தவங்க யாரும் இப்ப இல்ல, யாரைக் கேக்கறது?" என்றார்.

சரி, வேறு கதை பேசலாம் என்று பேசினோம். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நிறுத்தட்டுமா என்று கேட்டபோது இருக்கட்டும் என்றார். நடுவில் கொடியில் காய்ந்த விரிப்பை எடுக்க எழுந்தார். நான் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் ஒரு உதறு உதறி, இழுத்துப் பிடித்து, பாதியாக மடித்தோம். அவர் தன் கையிலிருந்த முனைகளோடு என்னை நோக்கி நடந்து வந்தார். அந்த நடையில் பாட்டு வந்துவிட்டது. மறந்துபோச்சு என்றாரே, அந்த மூன்றாவது அடி, நாலாவது அடி, அடுத்த கண்ணி, எல்லாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு கண்ணி முடியும் இடமும், இரண்டு பேரின் கைகளும் சேரும் இடமும் ஒன்றாகவே இருந்தன. துணியை உதறும் 'படீர்' சத்தம்தான் அந்தப் பாட்டுக்குத் தாளம். தலையணை உறைக்கு வேறு பாட்டாம், அது குட்டையாக இருக்குமாம், ஏனென்றால் அதை ஒரே ஆள் மடித்துவிடலாம். உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இதில் ஒரு வரியும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. விரிப்பு முடிந்ததும் அவரே உள்ளே போய் அலமாரியிலிருந்து மடித்து வைத்திருந்த இன்னொன்றைக் கொண்டுவந்து, பிரித்து, மறுபடி மடிக்கலாம் வா என்றார்.

எடிட்டிங்கில் ஒரு சண்டை வந்தது. துணியின் சரசரப்பும் உதறும் சத்தமும் பாட்டின் மேல் ஏறி நிற்கின்றன, மென்பொருளில் போட்டு இரைச்சலைக் குறைத்துவிடலாம் என்றார் எங்கள் குழு நண்பர். கூடாது என்று நின்றேன். தாளத்தை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கொடுப்பதா? கடைசியில் அப்படியே வெளியிட்டோம். அது எந்த வேலையின் சத்தம் என்பதை மட்டும் பாட்டுக்கு முன்னால் பாட்டியின் குரலிலேயே வைத்தோம்.

அதற்கப்புறம் எங்கள் பழக்கமே மாறிவிட்டது. தச்சர் என்றால் பட்டறையிலேயே பேசுகிறோம். பேருந்து ஓட்டியவர் என்றால் அவர் ஓட்டிய வழியில் கூடவே போகிறோம். சத்தம் அதிகம் வரும், உண்மைதான். ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் பேச்சு தெளிவாகவே கிடைக்கிறது. யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு வெட்டி ஒட்டும் இடங்களில் அதை அடியில் ஓடவிட்டால் வெட்டு தெரியாது. கேள்வியையும் மாற்றிக்கொண்டோம். 'எந்த வருடம்' என்று தொடங்கினால் பெரியவர்கள் பதறிவிடுகிறார்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. 'காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன வாசனை வரும்' என்று கேட்டால் பேச்சு தானாக ஓடுகிறது. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதுதான் கஷ்டம்.

* * *

நாங்கள் வேறொரு பாட்காஸ்ட் குழு. 'எந்த வருடம்' என்று கேட்பதைப் பற்றி மேலே எழுதியிருந்தீர்கள், அதையொட்டி எங்கள் அனுபவம்.

மூடிப்போன ஒரு ஆலையைப் பற்றித் தொடர் செய்தோம். அங்கே வேலை பார்த்த ஒருவரின் பிள்ளைகள், அண்ணனும் தங்கையும், இருவருமே இப்போது வயதானவர்கள், ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். வேலைநிறுத்தம் நடந்த வருடமே ஆலையையும் மூடிவிட்டார்கள் என்றார் அண்ணன். இல்லவே இல்லை, நடுவில் அப்பா எனக்குப் புதுப் பள்ளிப் பை வாங்கிக் கொடுத்தார், சம்பளம் இல்லாமல் எப்படி வாங்கியிருப்பார் என்றார் தங்கை. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினோம். வேலைநிறுத்தத்துக்கும் ஆலை மூடப்பட்டதற்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தது.

அண்ணன் சொன்னதை வெட்டிவிடலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இத்தாலியில் தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தின் கதை. 1949 மார்ச்சில், இத்தாலி நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்வதை எதிர்த்து அங்கே நடந்த போராட்டத்தில் போலீஸாரோடு மோதல் ஏற்பட்டு, லூயிஜி த்ராஸ்தூல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி இறந்துபோனார். பல வருடம் கழித்து வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டபோது, நிறையப் பேர் அவர் 1953-இல், ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் இறந்ததாகச் சொன்னார்கள். போர்த்தெல்லி அதை வெறும் ஞாபகப் பிசகு என்று தள்ளிவிடவில்லை. வேலைக்காக நடந்த போராட்டம்தான் அந்த மக்களின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது. அந்த மரணத்துக்கு ஒரு அர்த்தம் வேண்டியிருந்ததால் அதை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று எடுத்துக்காட்டினார்.

எனவே இரண்டு பேர் சொன்னதையும் வைத்தோம். தொகுப்பாளர் குரலில் செய்தித்தாளில் இருந்த தேதியையும் தெளிவாகச் சொன்னோம். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நேயர்களை ஏமாற்றியதாக ஆகும். வெளியிடுவதற்கு முன்னால் அண்ணனிடம் போட்டுக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேப்பர்ல இருக்கறது சரியாத்தான் இருக்கும். ஆனா ஸ்ட்ரைக் முடிஞ்சு உள்ள போன அப்பா பழைய அப்பாவா திரும்பி வரல. எங்களுக்கு ஆலை அன்னைக்கே மூடியாச்சு" என்றார். அதையும் பதிவு செய்து எபிசோடின் கடைசியில் சேர்த்தோம். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

* * *

நான் இன்னொரு பாட்காஸ்ட் குழுவில் இசைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்கும் எல்லோரும் இங்கேதான் தடுக்குகிறார்கள். சில வினாடிகள் மட்டும் போட்டால் காப்புரிமைச் சிக்கல் வராது என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு பொது விதி சட்டத்தில் இல்லை. பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வரும் பழைய நாட்டுப்பாட்டை நீங்கள் தாராளமாகப் பாடலாம். அதை யாரோ பாடி வெளியிட்ட பதிவைப் பொதுவாக அனுமதி இல்லாமல் எடுத்துப் போட முடியாது, அந்தப் பதிவுக்கென்று தனி உரிமை உண்டு. ஆகவே எங்கள் முகப்பிசையை இங்கே இருக்கும் இரண்டு வாத்தியக்காரர்களை வைத்து நாங்களே போட்டுக்கொண்டோம், எழுத்தில் அனுமதியும் வாங்கினோம். அவர்கள் பெயர் ஒவ்வொரு எபிசோடிலும் வருகிறது.

* * *

அனுமதி என்றதும் எங்களுக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2003-இல் ஸ்டோரிகார்ப்ஸ் என்ற முயற்சி தொடங்கியது. நெருங்கிய இருவர் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து 40 நிமிடம் பேசுவார்கள், ஒருவர் மற்றவரைப் பேட்டி எடுப்பார். அந்த முறை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாங்கள் கேட்டால் சொல்லாததை மகள் கேட்டால் அப்பா சொல்கிறார். அப்படி ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பேச்சு நடுவில் அவர், தன் தம்பி வீட்டை விட்டுப் போனதற்கு உண்மையான காரணம் என்ன என்பதைச் சொல்லிவிட்டார். மகளுக்கே அதுவரை தெரியாது. முடிந்ததும் எங்களிடம், "அந்தத் துண்டு மட்டும் வெளியே வர வேண்டாம். தம்பி இருக்கிறவரைக்கும் யாருக்கும் கொடுக்காதீங்க" என்றார்.

கேட்கக் கேட்க அள்ளிக்கொண்டு போகும் பகுதி அதுதான். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் குரல் அவருடையது. 1890-இல் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்பவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாஸமகுவாடி பழங்குடியினரின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஒரு உருளையில் இரண்டு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். களத்துக்குப் போய் ஒலிப்பதிவு செய்த முயற்சிகளில் ஆரம்பகாலத்தது அது. அந்த உருளைகள் பல பத்து வருடங்கள் அந்த மக்களின் கைக்கு எட்டாத இடங்களில் இருந்தன. இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றை மீட்டெடுத்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. எதை எல்லோரும் கேட்கலாம், எதற்கு என்ன விளக்கம் என்பதை அந்தச் சமூகத்தினரோடு சேர்ந்து முடிவு செய்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது எங்கள் அனுமதித் தாளில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வெளியிடலாமா, பாதுகாத்து வைக்கலாமா, உங்களுக்குப் பிறகு இதைப் பற்றி யாரைக் கேட்க வேண்டும்? பேசத் தொடங்கும் முன்பு ஒரு முறை, முடிந்த பிறகு ஒரு முறை படித்துக் காட்டுகிறோம். முன்னால் சரி என்றவர் பின்னால் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. வெளியிடும் சுருக்கிய எம்பி3 கோப்பு எங்களிடம் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பிகூட வருவதில்லை. மூலப் பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் சுருக்காத வேவ் கோப்பாக வைக்கிறோம், ஒற்றை மைக்குக்கே மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகிறது. அதை இரண்டு வன்தட்டுகளில் வேறு வேறு வீடுகளில் வைத்திருக்கிறோம், ஒரு பிரதி பேசியவர் குடும்பத்துக்கும் போகிறது.

அந்த அப்பாவின் துண்டு தனிக் கோப்பாக, பூட்டு போட்டு இருக்கிறது. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைக் கேட்கலாமா என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. போன மாதம் மகளே வந்து, சித்தப்பாவிடம் தானே பேசப்போவதாகவும், அவர் சம்மதித்தால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச அறை வேண்டும் என்றும் சொன்னார். சனிக்கிழமைகளில் அறை காலியாக இருக்கும், எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள் என்றிருக்கிறோம்.