டேட்டா கிரிட் வியூ: வரிசை மாற்றினால் தேர்ந்தெடுத்த வரி தப்பிப்போகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு பட்டறைக்கு, சி ஷார்ப் மொழியில், வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் திரைகள் அமைக்கும் கருவித்தொகுப்பு) இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். தரவுத்தளம் எஸ்கியூஎல் சர்வர்.

முதலில் டேட்டா டேபிளை (நினைவகத்தில் இருக்கும் அட்டவணை) நிரப்பி, அப்படியே டேட்டா கிரிட் வியூவில், அதாவது திரையில் அட்டவணை காட்டும் கிரிட்டில், இணைத்தேன். பதிவுகள் பெருகப் பெருகத் திரை திணறியது. நெடுவரிசை அகலத்தை 'ஆல் செல்ஸ்' என்று வைத்தால் எல்லா வரிகளையும் அளந்து பார்க்கும். 'டிஸ்ப்ளேட் செல்ஸ்' என்று மாற்றியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் விர்ச்சுவல் மோடுக்கு, அதாவது கிரிட் கேட்கும்போது தரவை நம் நிரலே கொடுக்கும் முறைக்கு, மாறினேன். எஸ்கியூஎல் வினவலில் ஆர்டர் பை, ஆஃப்செட், ஃபெட்ச் போட்டு வேண்டிய வரிகளை மட்டும் எடுக்கிறேன். வேகம் இப்போது அருமை.

ஆனால் இந்த முறையில் வரிசைப்படுத்துவதை நாமேதான் எழுத வேண்டும். அங்கேதான் சிக்கல். கணக்கு பார்க்கும் அக்கா 'கறுப்பு, 14 அங்குலம்' வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தேதி வாரியாக மாற்றினால், நீலப் பட்டை அதே இடத்தில் நிற்கிறது. உள்ளே இருப்பதோ வேறு சரக்கு. கவனிக்காமல் எண்ணிக்கையைத் திருத்தினால் இருப்பே தப்பாகிவிடும்.

முதன்மைச் சாவியை (பதிவின் தனி அடையாளம்) நினைவில் வைத்து, ரோ நம்பரால் (வரிகளுக்கு வரிசை எண் தரும் எஸ்கியூஎல் செயற்கூறு) அதன் புது இடத்தைக் கண்டுபிடித்து, கரன்ட் செல்லை (கிரிட்டில் இப்போது நிற்கும் கட்டம்) அங்கே நகர்த்துவதுதான் சரியா? இல்லை, பக்கம் பக்கமாகக் காட்டுவதே மேலா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மாதிரி நிரல் இருந்தால் பெரிய உதவி.